ஆ-யுன்னின் பச்சைத் தவளை

காலையில் சிப்பிக் கொட்டகைக்குப் போய் நான் முக்காலியில் உட்காரும் நேரத்துக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் தவளை கத்த ஆரம்பித்துவிடும். டர்ர்ர் என்று நீளமாக ஒரு சத்தம். கொஞ்சம் நிற்கும். மறுபடி டர்ர்ர். பிறகு ஒரு இருமல், தொண்டையைச் செருமுவது, காகிதக் குவளையில் துப்புவது. கொட்டகைப் பெண்கள் கத்தியை நிறுத்தாமலே காதைக் கொடுப்பார்கள். இருமல் ஈரமாக வந்தால், “வந்துடுச்சு” என்று யாராவது ஒருத்தி சொல்வாள். அதற்கப்புறம்தான் மற்றப் பேச்சு.

தவளை பக்கத்து வீட்டு சோங்-ஹாயின் மகள் ஆ-யுன்னுடையது. உள்ளங்கையில் அடங்கும் பச்சை பிளாஸ்டிக் சாமான். ஒரு முனையில் வாய் வைத்து ஊத வேண்டும். உள்ளே ஒரு சின்னத் தட்டும் காந்தமும் இருக்கின்றன. மூச்சை இழுத்து, கொஞ்சம் பிடித்து, மெல்ல ஊதினால் தட்டு படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த நடுக்கம் நெஞ்சுக்குள் இறங்கி, மூச்சுக்குழாயில் ஒட்டியிருக்கும் சளியை அசைத்துவிடும். நமக்கெல்லாம் குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் அலையடித்துச் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்குமாம். ஆ-யுன்னுக்கு அவை பிறந்ததிலிருந்தே அசைவதில்லை. அதனால் காலையும் மாலையும் தவளை கத்த வேண்டும். கத்தாவிட்டால் சளி தேங்கும், காய்ச்சல் வரும், நெஞ்சு இன்னும் கெடும். அதற்குத் தவளை என்று பெயர் வைத்தவளும் அவள்தான். எட்டு வயது. வாய் மட்டும் எண்பது.

வாடைக்காற்று ஓய்ந்து தெற்குக் காற்று தலைகாட்டியிருந்த சமயம் அது. எங்கள் கடல் தெய்வம் மாசூ தாயின் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தாயின் பல்லக்கு எங்கள் சந்து வழியாக வரும். வீட்டுக்கு வீடு மேசை போட்டு, பழமும் ஆமை வடிவச் சிவப்புப் பலகாரமும் வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, வெடி போடுவோம். பல்லக்கு வரும் வழியில் ஜனங்கள் வரிசையாக மண்டியிட்டுக் குனிந்துகொள்வார்கள். பல்லக்கு அவர்கள் முதுகுக்கு மேலாகப் போகும். அடியில் போனவர்களுக்கு அந்த வருடம் ஒரு குறையும் வராது.

முந்தைய வருடம் வெடிப் புகைக்குப் பயந்து ஆ-யுன்னை நகரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரே தாயைப் பார்த்தபோது அவள் மட்டும் பார்க்கவில்லை. திரும்பி வந்து யாரோடும் பேசவில்லை. இந்த வருடம் பல்லக்கின் அடியில் போயே தீருவேன் என்று பிடிவாதம்.

“நெஞ்சு சுத்தமா இருந்தா பாக்கலாம்” என்று அவள் அம்மா மெய்-ஜூ சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகக் குழந்தை யாரும் சொல்லாமலே தவளையை எடுத்து உட்காருவாள். கொட்டகையில் எங்களுக்கே பெருமையாக இருந்தது.

ஒரு நாள் காலை தவளை கத்தவில்லை.

நாங்கள் நாலைந்து சிப்பி உடைத்துவிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று போகிற சத்தம்தான் கேட்டது.

“அம்மா, தவளை செத்துப்போச்சு.”

“என்னடி உளர்ற? நல்லா இழுத்து ஊது.”

“ஊதுறேம்மா. கத்த மாட்டேங்குது.”

நான் கத்தியை வைத்துவிட்டு எழுந்து போனேன். மெய்-ஜூ அதைப் பிரித்துக் கையில் வைத்திருந்தாள். தட்டு ஒரு பக்கம் சுருண்டு வளைந்திருந்தது. உள்ளே சாம்பல். மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சியூ அக்கா, இது ஊதுவத்தி வாசனைதானே?”

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார் கிம்-சான், சோங்-ஹாயின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல்லக்கின் முன்தண்டு தூக்குகிறவர். அவர் உலகத்தில் இரண்டே பேர்: மாசூ தாயும் ஆ-யுன்னும். கையில் கடலை மிட்டாய், முகமெல்லாம் சிரிப்பு.

“என்ன, இன்னிக்கு நல்லா கத்துதா? தாய்கிட்ட ஆசி வாங்கிக் குடுத்திருக்கேன்ல!”

“அண்ணே, இதைச் சட்டி மேல காட்டுனீங்களா?”

“காட்டாம? நேத்து சாயங்காலம் கழுவிக் காய வெச்சிருந்தியே, அப்ப எடுத்துட்டுப் போனேன். மூணு சுத்து. ரெண்டாவது சுத்துலயே சட்டி குப்புன்னு பத்திக்கிச்சு பாரு! அத்தனை வத்தியும் ஒண்ணா எரியுது. தாயே இறங்கி வந்துட்டான்னு எல்லாரும் கும்பிட்டாங்க. நான் கையை எடுப்பேனா? நல்லா படட்டும்னு அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னேன். கை மயிரெல்லாம் பொசுங்கிப்போச்சு, பாரு.”

“உங்க கை மயிரு வளந்துடும். இது வளருமா அண்ணே?”

அப்போதுதான் அவர் அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. தாயத்தானாலும் புது வலையானாலும் வண்டிச் சாவியானாலும் கோயில் ஊதுவத்திச் சட்டியின் மேல் மூன்று சுற்று காட்டி எடுத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். அவர் செய்ததில் வஞ்சகம் கிடையாது. சட்டி பற்றி எரிந்தால் அது தாயின் வருகை என்பதும் எல்லோரும் நம்புவதுதான். எந்த அன்பும் நெருப்பின் பக்கத்தில் கொஞ்சம் கண்ணைத் திறந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

மெய்-ஜூ நகரத்து ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் கோ டீச்சருக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தம்மா சிரிப்பை அடக்க முடியாமல் இருமியது எனக்கே கேட்டது.

“நாய் கடிச்சிருக்கு, வண்டி ஏறியிருக்கு, எல்லாம் கேட்டிருக்கேன். சாமி சட்டியில வெந்தது இதுதான் முதல். சரி, பயப்படாதீங்க. இங்க இப்ப கையிருப்பு இல்ல, தைபேயிலிருந்து வரணும். வர்றவரைக்கும் பாட்டில்ல குமிழி ஊதச் சொல்லுங்க. பெரிய பாட்டில், கொதிச்சு ஆறின தண்ணி ஒரு கை அகலம் உயரத்துக்கு, புதுக் குழாய். பாட்டில் வாயை அடைச்சிடாதீங்க, காத்து வெளிய போகணும். அப்புறம் நெஞ்சைத் தட்டி விடுங்க, அதுதான் முன்னாடியே காட்டியிருக்கேனே. காய்ச்சல் அடிச்சா உடனே கூட்டிட்டு வந்துடணும்.”

கிம்-சான் குழாய் வாங்க மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். மீன் குளத்துக்குக் காற்று அடிக்கும் குழாய் விற்கிற கடையிலிருந்து பெரிய வளையமாக ஒரு சுருள் முழுவதையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

“என்ன அண்ணே, பிள்ளைக்கா குளத்துக்கா?” என்றேன்.

“பத்தாமப் போயிடக் கூடாதுல்ல” என்றார். ஒரு முழம் வெட்டிக்கொண்டு, மீதியைக் கொண்டுபோய்த் தூணில் மாட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

குமிழி ஊதுவது ஆ-யுன்னுக்குப் பிடித்துப்போயிற்று. இருந்தாலும் தவளை அளவுக்கு அது அசைக்கவில்லை. தட்டிக்கொடுக்கத்தான் வேண்டும். மெய்-ஜூவின் வலது மணிக்கட்டு சிப்பி உடைத்தே வீங்கியிருந்தது. சோங்-ஹாய் ஓதம் வற்றும் நேரம் பார்த்து, கடலில் சிப்பி வளர்க்கும் பந்தலுக்குப் படகில் போய்விடுவான். ஆகவே கொட்டகைப் பெண்கள் முறை வைத்துக்கொண்டோம். தலைப்பக்கம் தாழ, தலையணையின் மேல் அவளைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் துண்டைப் போட்டு, கையைக் கிண்ணம் போலக் குவித்துத் தட்டுவோம். முதுகெலும்பில் படக் கூடாது, வயிற்றுப் பக்கம் போகக் கூடாது, சாப்பிடுவதற்கு முன்னால்தான் செய்ய வேண்டும்.

“சியூ அத்தை, உங்க கை கவுச்சி நாத்தம்.”

“உன் கஞ்சியில போட்ட சிப்பியை உடைச்ச கைதான். அப்ப மட்டும் மணந்துச்சோ?”

“அதுல இஞ்சி போட்டிருந்தாங்க.”

“நாளைக்குக் கையில இஞ்சி தடவிக்கிட்டு வர்றேன். பேசாம படு.”

கிம்-சான் மட்டும் பக்கத்தில் வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பார். கூப்பிட்டால், “வேண்டாம், என் கை ராசியில்லாத கை” என்று எழுந்து போய்விடுவார். பல்லக்குத் தூக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கோயிலிலும் சொல்லிவிட்டாராம்.

சில நாட்களில் சத்தம் மாறியது. இருமல் வறண்டு, நெஞ்சுக்குள்ளேயே முட்டிக்கொண்டு நின்றது. ஒரு மாலை மீன் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள். மெய்-ஜூ நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு.

“வண்டியை எடுங்க” என்று புருஷனிடம் சொன்னாள். குரல் உயரவில்லை. சோங்-ஹாய் சிப்பிக் கூடைகளை இறக்கிப்போட்டுவிட்டு வண்டியைத் தயார் செய்யப் போனான். பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெய்-ஜூ அவளைக் குப்புறப் போட்டுத் தட்டினாள். வீங்கின கை இரண்டு தட்டுக்குமேல் எழும்பவில்லை. நான் அருகில் போவதற்குள் ஆ-யுன் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள்.

“பெரியப்பா, நீங்க தட்டுங்க.”

“நான் வேண்டாம் கண்ணு.”

“உங்க கை பெருசு. சூப் கிண்ணம் மாதிரி இருக்கு. அத்தை கை வெறும் தட்டு.”

மெய்-ஜூ அவரைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியிருக்கவில்லை.

“வாங்க அண்ணே” என்றாள். “காட்டித் தர்றேன். இப்படிக் குவிங்க. விரலைச் சேத்து. காத்து அடைச்ச மாதிரி பொதுக்குனு சத்தம் வரணும்.”

அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். பல்லக்குத் தண்டு தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கைகள் முதலில் தொட்டும் தொடாமலும் தட்டின. பிறகு தாளம் பிடித்துக்கொண்டன. பல்லக்கு நடைக்கு ஒரு தாளம் உண்டு, முரசு தருவது. அதே தாளம். பொதுக், பொதுக் என்று சந்து வரைக்கும் கேட்டது. கொட்டகையில் மிச்சமிருந்த பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

ஆ-யுன் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்தது. ஆழத்திலிருந்து ஒரு இருமல், அதன் மேல் இன்னொன்று. குவளையைப் பிடித்தேன். பச்சையாக, கெட்டியாக, பசை போல வந்து விழுந்தது.

“வந்துடுச்சு!” என்று வாசலில் நாலு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். சளிக்கு இப்படி ஒரு வரவேற்பு உலகத்தில் வேறெங்கும் கிடைத்திருக்காது.

அப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போனது நல்லதாயிற்று. டாக்டர் நெஞ்சைக் கேட்டு, படம் எடுத்துப் பார்த்து, மருந்து மாற்றிக் கொடுத்தார். பெரிசாக ஒன்றும் சேரவில்லை, நல்ல வேளை தட்டி எடுத்தீர்கள் என்றாராம். காய்ச்சல் இறங்கி, மூச்சு லேசாகி, மறுபடி காட்டப் போனபோது பிள்ளையே நேராகக் கேட்டுவிட்டாள், ஊர்வலத்துக்கு இருக்கலாமா என்று. முகமூடி போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கலாம், ஆனால் வெடிப் புகை ஆகவே ஆகாது என்றார் அவர்.

கொட்டகையில் மெய்-ஜூ இதைச் சொன்னபோது எல்லோரும் அடுத்த வீட்டு வாசலைப் பார்த்தோம். அது வெடி லோவின் வீடு. அவன் பெயர் லோ மட்டும்தான், வெடி நாங்கள் சேர்த்தது. வருடம் முழுக்கச் சிப்பி விற்பதே தாய்க்கு வெடி வாங்கத்தான் என்பது மாதிரி ஆள். அந்த வருடமும் ஆள் உயரத்துக்குச் சிவப்புச் சுருள் அடுக்கி, மழைக்குத் தார்ப்பாய் போட்டு வைத்திருந்தான்.

“கேட்டுப் பாக்கலாமே” என்றேன்.

“எப்படிக்கா கேக்கறது? அவர் வேண்டுதல் அவருக்கு. என் பிள்ளைக்காகத் தாயை வெடி இல்லாம வரச் சொல்ல எனக்கு என்ன உரிமை? சித்தி வீட்டுக்கே அனுப்பிடறேன். சொல்லிட்டேன் அவகிட்ட. அழல. அதுதான் கஷ்டமா இருக்கு.”

மறுநாள் மத்தியானம் மேசை துடைக்கக் கோயிலுக்குப் போயிருந்தேன். கிம்-சான் தாயின் முன்னால் மண்டியிட்டு, குறி கேட்கும் பிறைக் கட்டைகள் இரண்டையும் கையில் வைத்திருந்தார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் தாய் சரி என்கிறாள். இரண்டும் குப்புற விழுந்தால் இல்லை என்கிறாள்.

“தாயே, பிள்ளையோட சாமானைக் கெடுத்துட்டேன். என் மேல கோபமா?”

கட்டைகள் விழுந்தன. இரண்டும் மல்லாந்து, தொட்டில் போல ஆடின. மறுபடி போட்டார். மறுபடியும் இரண்டும் மல்லாந்தன. மூன்றாம் தடவையும் அப்படியே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இரண்டும் மல்லாந்தால் தாயும் சிரிக்கிறாள் என்றுதான் கணக்கு.

“அண்ணே, அவ உங்களைப் பாத்துச் சிரிக்கிறா. கோபக்காரி சிரிப்பாளா?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கட்டைகளை எடுத்தார். “தாயே, எங்க சந்துக்கு வெடி இல்லாம வந்தா ஏத்துக்குவியா?”

“அதை ஏன் அவகிட்ட கேக்கற?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வெடி லோ, ஊதுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். “வெடி என்னுது. என்கிட்ட கேளு.”

கிம்-சான் மண்டியிட்டபடியே திரும்பினார். “சரி, உன்கிட்டயே கேக்கறேன். வெடியை விட்டுடுவியா?”

“மாட்டேன்.”

ஊதுவத்தியைச் சட்டியில் செருகினான். மூன்று முறை கும்பிட்டான். போய்விட்டான். கிம்-சான் கட்டைகளைப் போடாமலே எடுத்து வைத்தார்.

பிறந்தநாளன்று காலை, கடற்கரை பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்று விடாமல் ஹாரன் அடித்தது. மெய்-ஜூ ஆ-யுன்னின் துணிப் பையோடு அதில் ஏறத்தான் போய்க்கொண்டிருந்தாள். டிரைவர் ஜன்னல் வழியாக ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார்.

“ஆஸ்பத்திரி கோ டீச்சர் குடுத்தாங்க. நேத்து சாயங்காலம்தான் வந்துச்சாம், தபால்ல போட்டா லேட்டாகும்னாங்க. உள்ள தவளைன்னு வேற சொன்னாங்க. வழியெல்லாம் எங்க குதிச்சிடுமோன்னு பாத்துக்கிட்டே வந்தேன்.”

அதைப் பிரித்துப் பார்க்கும் ஆசையில் ஆ-யுன் பஸ்ஸை விட்டுவிட்டாள். அல்லது மெய்-ஜூதான் விட்டாளோ, தெரியாது. அடுத்த பஸ் வரட்டும் என்று சந்துக்குத் திரும்பினார்கள். அங்கே மெய்-ஜூ நின்றுவிட்டாள்.

வெடி லோ வீட்டு வாசலில் தார்ப்பாய் மட்டும் மடித்துக் கிடந்தது. அடுக்கைக் காணோம். அவன் அதைக் கைவண்டியில் ஏற்றி, வியர்க்க வியர்க்க, படகுத்துறையின் கடைசி முனைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தான். காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. அவன் பெண்டாட்டி வாசலில் மேசை போட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் ஊதுவத்திகள் கொளுத்தாமல் கட்டாகவே இருந்தன.

“விட மாட்டேன்னாரே?” என்றேன்.

“விடலியே. அங்க வெடிக்கப் போறாரு. தாய்க்குக் காது நல்லா கேக்கும்னு சொல்லிட்டுப் போறாரு.”

மற்ற வீடுகளையும் பார்த்தேன். யாரும் யாரிடமும் பேசி வைத்ததாகத் தெரியவில்லை. எந்த மேசையிலும் புகை இல்லை. சத்தமில்லாமல் தாயை எப்படி வரவேற்பது என்று கேட்டது கொட்டகையில் இருந்த ஒருத்திதான். கேட்டுவிட்டு அவளே சிப்பி அலசும் அலுமினியத் தாம்பாளத்தைக் கவிழ்த்து, கத்திப் பிடியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

மெய்-ஜூ துணிப் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

“அண்ணே” என்று கிம்-சானைக் கூப்பிட்டாள். “போய்த் தோள் குடுங்க. உங்க இடத்துல வேற யாராவது நின்னா பிள்ளை முதுகுக்கு மேல ஒழுங்கா தூக்குவாங்களான்னு எனக்குப் பயமா இருக்கு.”

அவர் ஓடினார். பல்லக்குக்காரர்களின் மஞ்சள் சட்டையைப் போடக்கூட மறந்து பாதி வழியில் திரும்பி வந்து போட்டுக்கொண்டு ஓடினார்.

பல்லக்கு சந்து முனையில் திரும்பியபோது தாம்பாளங்களும் வாளிகளும் சட்டிமூடிகளும் ஒன்றாக அலறின. முரசுக்காரனுக்கே தாளம் தப்பியது. சாலையில் வரிசையாக மண்டியிட்டோம். எனக்கு முன்னால் ஆ-யுன், முகமூடியோடு, இரண்டு கையையும் வயிற்றுக்குள் மடக்கிக் குனிந்திருந்தாள். பல்லக்கின் நிழல் எங்கள் மேல் ஏறியது. தூக்குகிறவர்களின் பாதங்கள் இரண்டு பக்கமும் போவது தெரிந்தது. கிம்-சானின் இடது பாதத்தை எனக்குத் தெரியும், பெருவிரலில் சிப்பி வெட்டின தழும்பு. அது பிள்ளையின் தோளுக்குப் பக்கத்தில் வந்தபோது அவ்வளவு மெதுவாக ஊன்றியது.

சரியாக அப்போது, பல்லக்குக்கு அடியில், டர்ர்ர் என்று தவளை கத்தியது.

அந்தப் பாதம் ஒரு நொடி நின்றது. பிறகு நடந்தது.

சந்தின் மறுமுனையில் பல்லக்கை இறக்கி வைத்ததும் அவர் மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தார்.

“என்னடி அது அடியில?”

ஆ-யுன் முகமூடியைச் சரிசெய்துகொண்டு புதுத் தவளையை நீட்டினாள். “ஆசி வாங்கினேன் பெரியப்பா. நெருப்பே இல்லாம. நல்லா பாருங்க, எங்கயும் வளையல.”

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“தொட்டுப் பாருங்க. கடிக்காது.”

“தொடலாமா?” என்று மெய்-ஜூவைக் கேட்டார்.

“தொட்டுட்டு நீங்களே வெந்நீர்ல கழுவி வைங்க. கழுவறதோட சரி” என்றாள் அவள். சிரித்தாள்.

அவர் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார். படகுத்துறைப் பக்கம் வெடி லோவின் வெடிகள் தொடங்கின. புகை நிலத்தைத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்கு மேலே போயிற்று.

மறுநாள் காலை நான் முக்காலியில் உட்கார்ந்தபோது தவளை கத்திக்கொண்டிருந்தது. டர்ர்ர். கொஞ்சம் நின்றது. டர்ர்ர். பிறகு ஈரமான ஒரு இருமல். கொட்டகைப் பெண்கள் வாயைத் திறப்பதற்குள், சுவருக்கு அந்தப் பக்கம் வாசற்படியில் இருந்து கிம்-சானின் குரல் கேட்டது.

“வந்துடுச்சு.”